மறைமலையடிகள் நூல்களும் பதிப்புரிமையும்

சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்துக்குச் செல்லும் வழியிலுள்ள பல்லாவரத்தில் வாழ்ந்து, 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி, 1950 செப்டம்பர் 15-இல் மறைந்த மறைமலையடிகளின் நூல்கள், ஓர் ஆசிரியரின் எழுத்து எவ்வாறு தனியுடைமையாயிருந்து பொதுச்சொத்தாகிறது என்பதற்குத் தக்க சான்றாகும்.

காலவரை

1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் முதலில் ஆசிரியர் மறைந்தபின் 50 ஆண்டுகள் வரை உரிமையளித்தது. 1941-இல் மறைந்த தாகூரின் நூல்களுக்கு அவ்வுரிமை 1991 இறுதியில் காலாவதியாகவிருந்த தருணத்தில், அது 60 ஆண்டுகளாக நீட்டப்பெற்றது. மறைவுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்தே இக்காலம் கணக்கிடப்படுவதால், அடிகளின் நூல்களுக்கு அது 2010 டிசம்பர் 31-இல் நிறைவுற வேண்டியிருந்தது. ஆயினும், 1949-இல் பாரதியார் படைப்புகளின் உரிமையைச் சென்னை அரசாங்கம் ஏற்று, பின்னர் அவற்றைப் பொதுமக்களுக்கே வழங்கிய முன்மாதிரியைப் பின்பற்றி, அடிகளின் நூல்களும் அக்காலம் முடியுமுன்பே நாட்டுடைமையாக்கப்பட்டன.

உரிமையின் எல்லைகள்

மூலநூல் பொதுவுடைமையானதால் அதன் பதிப்பு முழுவதும் பொதுவாகிவிடாது. பிற்காலத்தார் எழுதிச் சேர்த்த முன்னுரை, குறிப்புரை, அட்டைச் சித்திரம் ஆகியவை அவரவர்க்கே உரியவை. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், புகைப்படத்துக்கும் எடுத்தவரின் ஆயுளோடு 60 ஆண்டுகள் உரிமை உண்டு. ஆனால் ஊதியம் கொடுத்து எடுப்பித்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையாயின், எடுப்பித்தவரே முதல் உரிமையாளர். தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற நிலையங்கள் ஒரு பழைய பிரதியைப் பேணுவதாலோ, ஒருவர் அதை விலைக்கு வாங்குவதாலோ, பதிப்புரிமை அவர்களிடம் வந்துவிடுவதில்லை. உரிமை பதிவாலன்று, படைப்பாலேயே பிறக்கின்றமையால், உரிமைக்குறிப்பு அச்சிடப்படாத படமும் எழுத்தும் உரிமையற்றவை என எண்ணுதல் பிழையாகும். விமர்சனத்துக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவில் மேற்கோள் காட்டுவதைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது.

ஆசிரியர் மாண்பு

பொருளாதார உரிமையை விற்றுவிட்ட பின்னரும், தம் படைப்புக்குத் தாமே ஆசிரியர் என்று கோரவும், தம் கீர்த்திக்கு ஊறு விளைவிக்கும் திரிபுகளைத் தடுக்கவும் 57-ஆம் பிரிவு ஆசிரியருக்கு அதிகாரம் அளிக்கிறது. ஆகவே, விலையின்றிக் கிடைக்கும் நூலை மறுபதிப்புச் செய்வோர், ஆசிரியர் பெயரையும் தாம் கையாண்ட பதிப்பையும் குறித்து, பாடத்தைச் சிதைக்காது வெளியிடுவதே, நாட்டுடைமை என்னும் பெருங்கொடைக்குச் செலுத்தத்தக்க நன்றிக்கடனாகும்.