தோட்டாக் கூடு நறுக்குதல்

தோட்டாக் கூடு நறுக்குதல் என்பது, சுட்டு முடித்த ஷாட்கன் தோட்டாவின் காலிக் கூட்டை வாய்ப்பக்கத்தில் அளவாக வெட்டிக் குட்டையாக்கி, மறுபடி நிரப்ப ஏற்றதாக ஆக்கும் வேலை. வீட்டிலேயே தோட்டா நிரப்பிக்கொள்ளும் பழக்கம் உள்ள இடங்களில், முக்கியமாக அமெரிக்காவில், இது வழங்குகிறது. வெட்டுவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, வாய் பிய்ந்துபோன கூட்டிலிருந்து இன்னும் ஒருமுறை வேலை வாங்குவது. மற்றது, இன்றைய நீளக் கூட்டை ஏற்காத பழைய துப்பாக்கிக்குக் குட்டைத் தோட்டா செய்துகொள்வது. வெட்ட ஒரு நிமிடம்கூட ஆகாது. எந்த அளவில் வெட்டுவது, வெட்டிய பிறகு உள்ளே என்ன மாறுகிறது என்பதில்தான் சூட்சுமம் எல்லாம் இருக்கிறது.

கூடு

ஷாட்கன் தோட்டாவின் அடியில் ஓர் உலோகக் கிண்ணம், அதன் நடுவில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு. அதற்கு மேலே வெடிமருந்து, அடைப்பு, ரவை என்ற வரிசையில் நிரப்பி வாயை மூடிவிடுவார்கள். இவற்றை எல்லாம் தாங்கும் குழாய்தான் கூடு. துப்பாக்கியின் குழல் அளவை 12 போர் என்னும்போது அந்தப் பன்னிரண்டு, ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கியதில் வந்தது. அப்படி ஓர் உருண்டையின் விட்டமே குழலின் உள்விட்டம்: சுமார் 18.5 மி.மீ. எண் கூடக் கூடக் குழல் சிறுத்துக்கொண்டே போவதன் காரணமும் இதுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூடு காகிதத்தால் ஆனது. காகிதத்தைச் சுருட்டி ஒட்டி மெழுகேற்றிய குழாய் அது. முழுக்கப் பித்தளையில் செய்த கூடுகளும் இருந்தன. பிரேசிலில் அவை இன்றும் தயாராகின்றன. காகிதக் கூடு ஈரத்தில் ஊதிக்கொள்ளும், சில முறை சுட்டதும் வாய் கருகித் துவண்டுவிடும். 1960இல் ரெமிங்டன் நிறுவனம் பிளாஸ்டிக் கூட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1965இல் வின்செஸ்டரின் ‘ஏஏ’ கூடு வந்தது. வீட்டில் நிரப்புவோருக்கு அது யோகம்தான்: பல முறை மடித்தும் பிரித்தும் தாக்குப்பிடித்தது. ஆனாலும் காகிதக் கூட்டுக்கு இன்னும் ரசிகர்கள் இருக்கிறார்கள். சுட்டதும் எழும் கருகிய மெழுகு வாசனைக்காகவே அதை வாங்குகிறவர்கள் உண்டு.

பிளாஸ்டிக் கூட்டில் இரண்டு வகை. ஒன்று, அடியும் சுவரும் சேர்ந்து ஒரே வார்ப்பாக அழுத்தி உருவாக்கப்பட்டது. ‘ஏஏ’ தொடக்கத்தில் இப்படித்தான் இருந்தது. இன்னொன்று நேர்க்குழாயை வெட்டி, அடியில் தனியாக ஒரு கட்டையைச் செருகியது. நறுக்குகிறவருக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். நேர்க்குழாயின் சுவர் மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய ஒரே தடிமன். எங்கே வெட்டினாலும் வாய் ஒன்றுபோல இருக்கும். ஒரே வார்ப்புக் கூட்டின் சுவரோ கீழே போகப் போகத் தடிக்கும். அதை வெட்டினால் புது வாய் தடித்து நிற்கும், அடைப்பு இறுகும், விளிம்பு சுருள மறுக்கும். மடிக்க எளிதாகத் தொழிற்சாலையில் வாயோரத்தை மெலிதாகச் சீவியிருந்தால், முதல் வெட்டிலேயே அந்தச் சீவலும் போய்விடும்.

நீளமும் அழுத்தமும்

கூட்டின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் நீளம், கையில் இருக்கும் தோட்டாவின் நீளம் அல்ல. சுட்ட பின் வாய் விரிந்து நிற்கும்போது அளந்தது அது. 70 மி.மீ. (2¾ அங்குலம்) என்று போட்ட தோட்டாவை, நிரப்பி மடித்த நிலையில் அளந்தால் 60 மி.மீ.கூட வராது. தோட்டா உட்காரும் அறை 65 மி.மீ. மட்டுமே உள்ள பழைய பிரிட்டிஷ் துப்பாக்கியில் அது தடையில்லாமல் நுழையும், துப்பாக்கியும் சரியாக மூடிக்கொள்ளும். சுடும்போதுதான் வினை. மடிப்பு விரிய இடமில்லாமல், அறை குறுகிக் குழலோடு சேரும் கூம்புக்குள் போய் விரிகிறது. அடைப்பும் ரவையும் அந்த இடுக்கில் நெருக்கிக்கொண்டு போக வேண்டியிருப்பதால் அழுத்தம் ஏறுகிறது. நூறு வயதான குழலுக்கு அது ஆகாது. தோட்டா உள்ளே போகிறது என்பதால் அது பொருந்துகிறது என்று ஆகாது.

ஐரோப்பிய அளவுகோல்படி, சாதாரண 12 போர் தோட்டாவின் அழுத்த உச்சவரம்பு 740 பார், மேக்னம் தோட்டாவுக்கு 1,050 பார். அமெரிக்க அளவுகோல் 2¾ அங்குலத் தோட்டாவுக்கு ஒரு சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு என்று வைத்திருக்கிறது. இவை இன்றைய துப்பாக்கிக்கானவை. பழைய துப்பாக்கி எந்த நீளத்துக்குச் சோதித்துத் தேறியது என்பதைக் குழலின் அடியில் உள்ள முத்திரைகளைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனில் லண்டன், பர்மிங்ஹாம் சோதனைச் சாலைகள் அவற்றைப் பொறிக்கின்றன. அமெரிக்காவின் பழைய 16 போர் துப்பாக்கிகள் பலவற்றிலும் இதே சிக்கல் உண்டு. அவற்றின் அறை 2 9/16 அங்குலம்தான்.

மடிப்பும் சுருளும்

தோட்டாவின் வாயை இரண்டு விதமாக மூடலாம். ஆறு அல்லது எட்டு இதழாக உள்ளே மடிப்பது நட்சத்திர மடிப்பு. விளிம்பை உள்நோக்கிச் சுருட்டி, ரவையின் மேல் வைத்த அட்டை வில்லையைப் பிடித்துக்கொள்ளச் செய்வது சுருள் மூடல். மடிப்புக்கு ஏறக்குறைய அரை அங்குலக் கூடு செலவாகும், சுருளுக்கு அதில் பாதி போதும். நறுக்குவதன் நியாயம் இங்கேதான் இருக்கிறது. திரும்பத் திரும்ப மடித்ததில் முதலில் பிய்வது இதழ்களின் கோடுதான்; கீழ்ச்சுவர் நன்றாகவே இருக்கும். பிய்ந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைச் சுருளால் மூடிக்கொள்ளலாம்.

ஆனால் மூடலை மாற்றுவது அலங்காரத்தை மாற்றுவது போல அல்ல. அதே மருந்து, அதே ரவை என்றாலும், சுருள் மூடல் பொதுவாகக் குறைந்த அழுத்தமே தரும். கூடு குட்டையாகி உள்ளிடம் சுருங்கினாலோ அழுத்தம் மேலே போகும். எது எவ்வளவு என்று மனக்கணக்கில் பிடிபடாது. அதனால்தான் கூடு, கேப்பு, மருந்து, அடைப்பு, ரவை எடை ஐந்தையும் சேர்த்துச் சோதித்து அச்சிட்ட கையேட்டு அளவை அப்படியே பின்பற்றுகிறார்கள். நீளக் கூட்டின் அளவை நறுக்கிய கூட்டுக்கு எடுத்துக்கொள்வதில்லை.

வெட்டும் முறை

கூட்டின் உள்விட்டத்துக்குப் பொருந்தும் மர உருளை ஒன்று, கூரான பிளேடு ஒன்று. அடிப்படைக் கருவி இவ்வளவுதான். உருளையை உள்ளே செருகி, பிளேடை அழுத்திப் பிடித்து, கூட்டை மேசைமேல் உருட்டினால் ஒரு சுற்றில் வளையம் கழன்று விழும். பிளேடு நிலையாக நிற்க, கூடு மட்டும் சுழலும் கருவிகளும் உண்டு. வெட்டு நேராக இல்லாவிட்டால் சுருளும் கோணிக்கொள்ளும். விளிம்பில் நிற்கும் பிசிறைத் துடைத்தெடுக்க வேண்டும்.

நீளத்தை எங்கிருந்து அளப்பது என்பதில் பலர் தவறுகிறார்கள். உருளை உள்ளே அடிக்கட்டையில் முட்டி நிற்கும் இடத்தை ஆதாரமாக வைத்தால், ஒவ்வொரு தயாரிப்பிலும் அடிக்கட்டையின் உயரம் வேறு என்பதால், ஒரே அமைப்பில் வெட்டிய கூடுகளும் வெவ்வேறு நீளத்தில் வரும். வெளியே உலோக விளிம்பிலிருந்து அளப்பதே சரி. வெட்டுமுன் கூட்டைச் சோதிப்பதும் வழக்கம். சுவரில் ஊசித்துளை, அடிக்கிண்ணத்தில் விரிசல், கேப்புக்குழி தளர்வு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அது குப்பைக்குத்தான்.

சுருட்டுவதற்கு, சுழலும் தலை ஒன்றை வாயில் வைத்து அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டில் பிளாஸ்டிக் இளகி உள்ளே வளைந்து, ஆறியதும் அப்படியே இறுகி நிற்கும். காகிதக் கூட்டுக் காலத்தில் இதே வேலையை மேசையோரத்தில் திருகிப் பொருத்திய கைச்சுழற்சிக் கருவி செய்தது.

வழக்கும் சட்டமும்

அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்பக் கூட்டாட்சிச் சட்டப்படி உரிமம் வேண்டாம், விற்பனைக்கென்றால் வேண்டும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதைத் தடை செய்கிறது. துப்பாக்கிக்கு உரிமம் வைத்திருப்பது அதற்கு ஈடாகாது. பழைய துப்பாக்கிகளுக்கென்றே குட்டைத் தோட்டாக்கள் கடையில் கிடைப்பதால், 12 போரில் நறுக்க வேண்டிய கட்டாயம் குறைந்திருக்கிறது.

நறுக்கிய கூட்டில் ஒரு சங்கடம் மிஞ்சுகிறது. வாய் குட்டையானாலும் பக்கத்தில் அச்சிட்ட எழுத்து அப்படியே இருக்கும். 65 மி.மீ. ஆகிவிட்ட கூடு 70 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். பழகியவர்கள் அந்த அச்சை மையால் அடித்துவிட்டு, புது நீளத்தையும் நிரப்பிய தேதியையும் எழுதி, தனி டப்பாவில் வைக்கிறார்கள்.