நிகழ்ந்துகொண்டிருக்கும் காலம்

'ஆம், இஸ், ஆர்' என்பவற்றுள் ஒன்றை முன்னே நிறுத்தி, வினையின் ஈற்றில் 'இங்' சேர்த்தால் ஆங்கிலத்தின் தொடர் நிகழ்காலம் பிறக்கும். வாய்பாடு அவ்வளவுதான். அதை நீங்கள் நெட்டுருச் செய்திருப்பீர்கள். ஆயினும் எந்த இடத்தில் அதை ஆள்வது என்பதில் நம்மவர் இடறுவதையே மிகுதியும் காண்கிறேன்.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுத் தறியின் அருகே நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். பாவு விறைப்பாக நிற்கிறது. நாடா இடமும் வலமும் ஓடுகிறது. தறியில் அமர்ந்திருப்பவரைச் சுட்டி, 'அவர் பட்டு நெய்கிறார்' என்கிறோம். வரதராசப் பெருமாள் கருடசேவையைக் காண அவர் போய்விட்ட நாளில், அவர் தொழில் யாதென்று ஒருவர் கேட்டாலும், 'பட்டு நெய்கிறார்' என்றே விடை கூறுவோம். தமிழுக்கு ஒரு சொல் போதும். ஆங்கிலமோ தொழிலைக் கூற 'ஹி வீவ்ஸ்' என்றும், கண்முன் நிகழும் செயலைக் கூற 'ஹி இஸ் வீவிங்' என்றும் வேறு பிரிக்கிறது.

ஆங்கிலம் என்றுமே இப்படிக் கண்டிப்பாக இருந்ததில்லை. 'வேட்டையாடுதலின்மேல் இருக்கிறான்' என்னும் பொருள்பட 'ஆன் ஹண்டிங்' என்றொரு வழக்கு முன்னாளில் இருந்தது. அது தேய்ந்து 'எ-ஹண்டிங்' ஆயிற்று. 1600ஐ ஒட்டி ஷேக்ஸ்பியர் எழுதிய 'ஹாம்லெட்' நாடகத்தில், புத்தகமும் கையுமாய் வரும் இளவரசனைப் பார்த்து, என்ன படிக்கிறீர் என்று பொலோனியஸ் வினவுகிறான். அவன் ஆள்வது 'இங்' இல்லாத எளிய நிகழ்காலமே. இன்று ஒரு மாணவன் அவ்வாறு எழுதினால் ஆசிரியரின் சிவப்பு மை பாயும்! 'கட்டப்பட்டு வருகிறது' என்பதற்குரிய 'இஸ் பீயிங் பில்ட்' 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தலைகாட்டிற்று. அடுத்த நூற்றாண்டின் இலக்கணக்காரர் பலர் அதைப் பிழையென்றே கடிந்தனர்.

நம் மொழியின் வரலாறும் இதற்குச் சளைத்ததன்று. சங்க நூல்களில் 'கின்று' மிக அரிது. நிகழ்வதையும் இனி வருவதையும் 'செய்யும்' என்னும் வடிவமே பெரும்பாலும் சுமந்தது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், ஆநின்று, கின்று, கிறு என்னும் மூன்றையும் நிகழ்கால இடைநிலைகளாக வகுத்தார். அந்நூலின் விருத்தியுரையைத் திருத்தியவர், காஞ்சிப் புராணத்தின் முதற்காண்டம் பாடிய சிவஞான முனிவர், 1785இல் மறைந்தவர். 'உண்ணாநின்றான்' என்பதை உற்று நோக்குங்கள். 'நின்று' என்பது அதனுள்ளே வெளிப்படையாக இருக்கிறது. உண்ணும் செயலிலே நிற்கிறான் என்பது கருத்து. ஸ்பானிய மொழியிலும் தொடர் நிகழ்காலத்திற்கு உதவும் துணைவினை, நிற்றலைக் குறித்த லத்தீன் வினையிலிருந்தே வந்தது. கடலுக்கு அப்பாலும் இப்பாலும் மக்கள் ஒரே வகையில் எண்ணியிருப்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

'உண்ணாநின்றான்' வழக்கொழிந்தபின் நாம் 'உண்டுகொண்டிருக்கிறான்' என்கிறோம். இதை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்ப்பதில்தான் இடர். 'தெரியும்' என்பதை 'ஐ ஆம் நோயிங்' என்று எழுதுவது தவறு. அறிதலும் நம்புதலும் ஆங்கிலத்தில் செயலாகாமல் நிலைகளாகக் கருதப்படுகின்றன. எழுத்துக்கூட்டலிலும் ஓர் எச்சரிக்கை. சாயந்தோய்ப்பதைக் குறிக்கும் 'டை' என்னும் வினை, 'இங்' சேரும்போது ஈற்றிலுள்ள 'ஈ' என்னும் எழுத்தை விடாது. விட்டால் சாயக்காரர் சாகிறார் என்று பொருளாகிவிடும்!

இவற்றினும் பெரிய இடறல் ஒன்றுண்டு. 'முப்பது ஆண்டுகளாக நெய்துகொண்டிருக்கிறேன்' என்று ஒரு நெசவாளர் கூறுகிறார். தமிழில் இது நிகழ்காலம், குறையொன்றுமில்லை. இதை 'ஐ ஆம் வீவிங்' என்று தொடங்கி எழுதினால், இந்த நாழிகையின் செயலை மட்டுமே ஆங்கிலேயன் உணர்வான். முப்பது ஆண்டு உழைப்பு அவன் செவிக்கு எட்டாது. 'ஐ ஹாவ் பீன் வீவிங்' என்று எழுதுக. அந்த 'ஹாவ் பீன்' இரண்டு சொல்லும், அவர் முதன்முதலாகத் தறியில் அமர்ந்த நாளையும் இன்று ஓடும் நாடாவையும் ஒரே இழையில் இணைக்கின்றன.