தேய்மானக் கணக்கு: லாடமில்லாக் குளம்புப் பராமரிப்பின் வரலாறு

குதிரையின் குளம்புச் சுவர் நம் நகத்தைப் போலவே கெராட்டினால் ஆனது. மயிர் முடியும் விளிம்பிலிருந்து மாதத்துக்கு ஏறத்தாழ 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை கீழ்நோக்கி வளர்கிறது. முன்பகுதி முழுதும் புதிதாக வளர்ந்து இறங்க 9 முதல் 12 மாதங்கள் ஆகும். இந்த வளர்ச்சி நிற்பதில்லை. அதற்கு ஈடாகத் தேய்மானம் வேண்டும். இந்த ஈட்டை மனிதர் எவ்வாறு உணர்ந்தனர், எவ்வாறு தவறவிட்டனர், எவ்வாறு மீட்டனர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கல் முற்றம்

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்க எழுத்தாளர் செனஃபோன் குதிரையேற்றம் பற்றி எழுதிய நூலில், குதிரை வாங்குவோர் முதலில் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார். ஈரமும் வழவழப்பும் உள்ள தொழுவத் தரை குளம்பைக் கெடுக்கும். ஆகவே கைக்கு அடங்கும் உருண்டைக் கற்களை முற்றத்தில் பரப்பி, குதிரையை அதன்மேல் நிறுத்தச் சொல்கிறார். ஆணி லாடம் இல்லாத அக்காலத்தில் குளம்பை உறுதிப்படுத்தும் பொறுப்பு தரையிடம் இருந்தது.

இரும்பின் காலம்

ரோமானியர் தேவைப்பட்டபோது மட்டும் கட்டிக் கழற்றும் இரும்புப் பாதுகைகளைப் பயன்படுத்தினர். இடைக்கால ஐரோப்பாவில் ஆணி அடித்த லாடம் பரவியது. கல் பாவிய சாலையிலும் பாரம் இழுப்பதிலும் அது குளம்பைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் லாடம் தடுத்தது தேய்மானத்தை மட்டுமே, வளர்ச்சியை அல்ல. அதனால் லாடத்தைக் கழற்றி, மிகுந்ததை வெட்டி, மறுபடி அடிப்பது தவிர்க்க முடியாததாயிற்று.

1756இல் பிரான்சின் லஃபோஸ், குளம்பின் அடியிலுள்ள முக்கோண மென்பகுதி தரையைத் தொட வேண்டும் என்று வாதிட்டு, பிறை வடிவக் குட்டை லாடத்தைப் பரிந்துரைத்தார். இங்கிலாந்தின் பிரேசி கிளார்க் மேலும் ஓரடி சென்றார். ஒரு பெண் குதிரையின் பாதத்தை லாடம் அடிக்கும் முன்னும், பின்வந்த ஆண்டுகளிலும் அச்சு எடுத்து ஒப்பிட்டு, குதிகால் பகுதி படிப்படியாகக் குறுகியதைக் காட்டினார். 1809இல் வெளிவந்த அவரது ஆய்வு, குளம்பு எடை தாங்கும்போது விரியும் உயிருள்ள உறுப்பு என்பதை வலியுறுத்தியது.

காட்டுக் குதிரை தந்த பாடம்

1982 முதல் 1986 வரை அமெரிக்காவின் கிரேட் பேசின் பகுதிக் காட்டுக் குதிரைகளைக் கவனித்த ஜெய்மி ஜாக்சன், லாடம் அடிக்கும் தொழிலிலிருந்து வந்தவர். வறண்ட கரட்டு நிலத்தில் தேய்ந்து குட்டையாகி, விளிம்பு உருண்ட அக்குளம்புகளையே வெட்டுவதற்கு மாதிரியாகக் கொண்டார். அரத்தால் விளிம்பை உருட்டும் முறை அங்கிருந்தே வந்தது.

அந்த மாதிரியையும் ஆய்வு சோதித்தது. ஆஸ்திரேலியாவில் பிரையன் ஹாம்ப்சன், கிறிஸ் பொலிட் ஆகியோரின் குழு, ஐந்து கூட்டங்களைச் சேர்ந்த 100 காட்டுக் குதிரைகளின் பாதங்களை ஆராய்ந்தது. தரைக்கும் நடக்கும் தூரத்துக்கும் ஏற்பக் குளம்பின் வடிவம் மாறியது. குறைபாடுகளும் எதிர்பார்த்ததைவிட மிகுதியாக இருந்தன. எல்லா நிலத்துக்கும் பொருந்தும் ஒரே இயற்கை வடிவம் இல்லை என்பதே இதன் பொருள்.

முடிவு

ஆகவே வெட்டுபவர் தேட வேண்டியது ஓர் இலட்சிய வடிவத்தை அல்ல. அந்தக் குதிரையின் வளர்ச்சிக்கும் தேய்மானத்துக்கும் இடையே மிஞ்சுவதை. நான்கு முதல் ஆறு வாரத்துக்கொரு முறை என்னும் வழக்கமான இடைவெளியும் அந்த மிச்சத்தைப் பொறுத்ததே. மென்தரையில் அடைபட்ட குதிரைக்கு இடைவெளி குறையும்; கல்தரையில் நாள்தோறும் நடப்பதற்கு நீளும். கத்தியை எடுக்குமுன் குதிரை நிற்கும் தரையைப் பார்ப்பதே இவ்வரலாறு கற்பிக்கும் முறை.