இருப்புப்பாதையும் இமயத்துத் தேவதாருவும்

இருப்புப்பாதைக் கணக்கேடுகளோடு நாள்தோறும் உழலும் நாம், அப்பாதையைத் தாங்கிய ஸ்லீப்பர் கட்டைகளின் வரலாற்றை எண்ணிப் பார்ப்பது அரிது.

1853இல் பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே முதல் பயணிகள் வண்டி ஓடிற்று. பாதையிட்ட கம்பெனிகளுக்கு, போட்ட முதலுக்கு நூற்றுக்கு 5 வட்டி உறுதியென 1849ஆம் ஆண்டு ஒப்பந்தங்களே கூறின. வருவாய் குறைந்தால் இந்தியக் குடிகளின் வரிப்பணம் ஈடுசெய்யும். நட்டமே அறியாத வணிகனுக்குச் சிக்கனம் எதற்கு? கட்டையின் விலையிலும் வெட்டுகூலியும் இழுப்புக்கூலியும் ஏறினவேயன்றி, அம்மரம் வளர்ந்த காலம் ஏறவில்லை.

மைலுக்கு ஏறத்தாழ 2,000 கட்டைகள் வேண்டும். தேக்கும் சாலும் தேவதாருவும் தவிர ஏனைய மரங்கள் பெரும்பாலும் விரைவில் மக்கின. அம்மூன்றையும்கூடப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மாற்ற நேர்ந்தது. தெஹ்ரி கார்வாலில் வில்சன் என்னும் ஆங்கிலேயர், அரசரிடம் காட்டைக் குத்தகைக்கு எடுத்துத் தேவதாருக்களை வெட்டிப் பாகீரதியில் மிதக்கவிட்டார்.

காடு தேய்வது கண்ட சர்க்கார், 1864இல் ஜெர்மானியரான பிராண்டிஸ் தலைமையில் வனத்துறையை நிறுவிற்று. அளந்து வெட்டும் முறை வந்தது, அது நன்றே. ஆயின் 1878ஆம் ஆண்டுச் சட்டம், சுள்ளி பொறுக்கியும் மாடு மேய்த்தும் வாழ்ந்த குடிகளின் உரிமையைச் சலுகையாகச் சுருக்கிற்று. வெட்டியவர் யார், தண்டம் இறுத்தவர் யார்!

அதே கார்வாலில்தான் 1973இல் மலைவாழ் மக்கள் மரங்களைத் தழுவி நின்று கோடரிகளைத் தடுக்கப் புறப்பட்டனர். 'சிப்கோ' என்று உலகம் அதனை அறியும்.

இன்று நம் பாதைகளில் பெரும்பாலும் கான்கிரீட் கட்டைகளே கிடக்கின்றன. அவற்றுக்கு மணலும் ஜல்லியும் வேண்டும்.