சாலிட்டேர்: மவுஸ் பிடிக்கக் கற்றுத்தந்த சீட்டுக்கட்டு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில் என் பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர். எழுபதைத் தாண்டியிருப்பார். ஃபோனில் சாலிட்டேர் ஆடிக்கொண்டிருந்தார். பேரன் வந்து எட்டிப் பார்த்து, "என்ன தாத்தா, கேமா?" என்று சிரித்தான். பெரியவர் சட்டென்று ஃபோனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

அந்தக் கை அசைவை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தப் பதிவு.

1999-ஆம் வருடம். எங்கள் பள்ளி ஆசிரியர்கள் சிலர் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தோம். எங்களோடு தலைமையாசிரியரும் வந்தார். அப்போது அவருக்கு 56 வயது. கரும்பலகையில் ஸ்கேல் இல்லாமல் நேர்கோடு போடுகிற கை அது. ஆனால் மவுஸைப் பிடித்ததும் அந்தக் கை நடுங்கியது. அம்புக்குறி ஒரு பக்கம் ஓடும், இவர் ஒரு பக்கம் இழுப்பார். மேஜை விளிம்பு வந்துவிட்டால் மவுஸை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நிறுத்திவிடுவார்.

சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். "சார், முதல்ல ஒரு வாரம் இத மட்டும் ஆடுங்க" என்று சாலிட்டேரைத் திறந்து வைத்தாள்.

"சீட்டா? வாத்தியாரையே சீட்டாடச் சொல்றியேம்மா!"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். ஆனால் ஒரே வாரத்தில் அவர் கை பழகிவிட்டது. அந்தப் பெண் சரியான பாடத்தைத்தான் கொடுத்திருக்கிறாள் என்பது, பிற்பாடு இந்த விளையாட்டின் வரலாற்றைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

மவுஸை 1968 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு பெரிய கூட்டத்தின் முன் செய்து காட்டியவர் டக்ளஸ் எங்கல்பார்ட். அதற்குப் பிறகு இருபது வருடங்கள் ஆகியும் சாதாரண அலுவலகங்களில் பெரும்பாலானவர்கள் விசைப்பலகையை மட்டும்தான் தட்டிக்கொண்டிருந்தார்கள். 1990 மே மாதம் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 3.0 வெளியிட்டது. அதனுடன் சேர்ந்து வந்தது சாலிட்டேர்.

சீட்டை அழுத்திப் பிடி, இழு, வேண்டிய இடத்தில் விடு. இந்த மூன்று செயலும்தான் ஒரு கோப்பை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகர்த்தவும் வேண்டும். "இழுத்து விடுதல்" என்று பாடம் எடுத்தால் பயப்படுகிற மனிதர், "சிவப்பு எட்டை எடுத்துக் கறுப்பு ஒன்பதின் மேல் வை" என்றால் யோசிக்காமல் செய்வார். தப்பாகப் போனாலும் எதுவும் அழிந்துவிடாது. புது ஆட்டம் போட்டுக்கொள்ளலாம். கம்ப்யூட்டரைத் தொட்டாலே ஏதாவது கெட்டுவிடும் என்று பயந்த தலைமுறைக்கு அது எவ்வளவு பெரிய தைரியம்!

இதை எழுதியவர் வெஸ் செர்ரி. 1988 கோடையில் அந்த நிறுவனத்தில் பயிற்சிக்கு வந்த மாணவர். உலகம் முழுக்கப் போன இந்த விளையாட்டுக்கு அவருக்கு ராயல்டி எதுவும் கிடைக்கவில்லை. சீட்டுகளை வரைந்தவர் சூசன் கேர். ஆப்பிள் மேக்கின்டாஷ் கம்ப்யூட்டரின் சின்னஞ்சிறு படங்களை வரைந்ததும் அவர்தான்.

செர்ரி அதில் இன்னொன்றும் வைத்திருந்தார். ஒரு விசையை அழுத்தினால் சீட்டுகள் மறைந்து, கணக்கு அட்டவணை மாதிரி ஒரு பொய்த் திரை வந்துவிடும். மேலதிகாரி வரும்போது அழுத்துவதற்காக! நிறுவனம் அதை நீக்கச் சொல்லிவிட்டது. இந்த விசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

கம்ப்யூட்டருக்கு வந்தது 1990-இல் என்றாலும் ஆட்டம் மிகப் பழையது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வட ஐரோப்பாவில், ஜெர்மன் மொழிப் புத்தகங்களில் இதைப் பற்றிய குறிப்பு வந்துவிட்டது. இங்கிலாந்தில் இதன் பெயரே "பேஷன்ஸ்", அதாவது பொறுமை. நாம் திரையில் அதிகம் பார்க்கும் வகைக்கு "க்ளாண்டைக்" என்று பெயர். 1890-களின் இறுதியில் தங்கம் தேடி ஆயிரக்கணக்கானோர் ஓடிய கனடா நாட்டுப் பகுதியின் பெயர் அது.

ஒற்றை ஆளாக ஆடுவது நமக்கும் புதிதல்ல. பல்லாங்குழியில் சீதாப்பாண்டி என்று ஒரு வகை உண்டு. ஒருவரே ஆடுவது. அசோகவனத்தில் சீதை தனியாக ஆடியது என்று பாட்டிகள் கதை சொல்வார்கள். கதை எப்படியோ போகட்டும், தனியாக இருக்கிறவருக்கும் ஒரு விளையாட்டு வேண்டும் என்பது நம்மவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நான் கணக்கு வாத்தியார். கணக்கு இல்லாமல் விடமாட்டேன். க்ளாண்டைக்கில் ஏழு வரிசைகள். முதல் வரிசையில் 1 சீட்டு, இரண்டாவதில் 2, இப்படியே ஏழாவதில் 7. மொத்தம் 28. கையில் மீதி 24. 52 சீட்டுகளை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று கணக்குப் போட்டால் 68 இலக்க எண் வரும். நன்றாகக் கலைத்துப் போட்டால் நீங்கள் இன்று ஆடும் ஆட்டம் இதற்கு முன் யாருக்கும் வந்திருக்காது என்று தைரியமாகச் சொல்லலாம்.

இந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டவர் ஒரு பெரிய மேதை. ஸ்டானிஸ்லாவ் உலாம், போலந்திலிருந்து அமெரிக்கா போனவர். 1946-இல் மூளை அழற்சி வந்து படுத்து, தேறிவரும் நாட்களில் சாலிட்டேரின் ஒரு வகையை ஆடிக்கொண்டிருந்தார். ஒரு ஆட்டம் ஜெயிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட முயன்றார், முடியவில்லை. அப்போது தோன்றியதாம்: சூத்திரம் தேடுவதை விட்டுவிட்டு, நூறு ஆட்டம் போட்டு எத்தனை ஜெயிக்கிறது என்று எண்ணிவிட்டால் என்ன? அணுப்பிளவுப் பொருளுக்குள் நியூட்ரான்கள் போகும் பாதையையும் இப்படியே கம்ப்யூட்டரில் ஆடிப் பார்க்கலாமே? ஜான் வான் நாய்மனோடு சேர்ந்து அதை வளர்த்தார். அதுதான் "மான்டே கார்லோ முறை". இன்று இயற்பியல், நிதி என்று பல துறைகளிலும் பயன்படுகிறது. படுக்கையில் சீட்டு அடுக்கியவரை யாராவது "வேலையத்த வேலை" என்று திட்டியிருந்தால்?

சரி, எத்தனை ஆட்டம் ஜெயிக்கக்கூடியவை? மூன்று மூன்றாகச் சீட்டு எடுக்கும் க்ளாண்டைக்கில், மறைந்திருக்கும் சீட்டெல்லாம் தெரிந்தால் நூற்றுக்கு ஏறக்குறைய 82 ஆட்டங்களை முடிக்கலாம் என்று கம்ப்யூட்டரில் கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். மறைந்திருப்பது நமக்குத் தெரியாதே, அதனால் அதைவிடக் குறைவாகத்தான் ஜெயிப்போம். மீதி 18-ல் நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தோல்விதான். தப்பு உங்களுடையது அல்ல. சீட்டு அப்படி விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

இதன் தம்பி ஃப்ரீசெல். அதில் எல்லாச் சீட்டும் முகம் தெரிய இருக்கும். 1978-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பால் ஆல்ஃபில் என்ற மருத்துவ மாணவர் அங்கிருந்த பிளேட்டோ என்னும் கம்ப்யூட்டர் அமைப்பில் எழுதினார். பிறகு ஜிம் ஹார்ன் விண்டோஸுக்குக் கொண்டுவந்தார். அதில் 32,000 ஆட்டங்கள் எண் போட்டு இருந்தன. எல்லாமே ஜெயிக்கக்கூடியவையா? டேவ் ரிங் என்பவர் 1994-இல் இணையத்தில் ஆட்களைச் சேர்த்துப் பிரித்துக் கொடுத்தார். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாதக்கணக்கில் ஆடித் தீர்த்தார்கள். கடைசியில் மிஞ்சியது ஒன்றே ஒன்று, எண் 11982. அதை யாராலும் முடிக்க முடியவில்லை. முடியவே முடியாது என்று பின்னால் நிரல்களும் உறுதிசெய்தன.

இத்தனை இருந்தும் இந்த ஆட்டத்துக்கு நல்ல பெயர் கிடையாது. அலுவலகங்களில் அதை நேர விரயம் என்றார்கள். 2006-இல் நியூயார்க் மேயர் மைக்கேல் ப்ளூம்பெர்க் ஒரு அலுவலகத்துக்குப் போனபோது ஊழியர் ஒருவரின் திரையில் சாலிட்டேர் இருந்தது. அவருக்கு வேலை போயிற்று. நம்மூரிலோ "சீட்டு" என்ற சொல்லே போதும், மானம் போய்விடும். காசு வைத்து ஆடி அழிந்த குடும்பங்களைப் பார்த்த ஊர் இது. அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் சாலிட்டேரில் எதிராளி இல்லை, பந்தயம் இல்லை. பழி மட்டும் ஒட்டிக்கொண்டது.

இப்போது எங்கள் தலைமையாசிரியரிடம் வருகிறேன். 2001-இல் ஓய்வு பெற்றார். பத்து வருடம் கழித்து அம்மா, அதாவது அவர் மனைவி, காலமானார்கள். துக்கம் விசாரிக்கப் போய்விட்டு வந்தவன், இரண்டு மாதம் கழித்து மறுபடி போனேன். கதவு திறந்திருந்தது. முன்னறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தார். என் செருப்புச் சத்தம் கேட்டதும் அவசரமாக மவுஸை நகர்த்தி எதையோ மூடினார். அந்தக் கை இப்போது நடுங்கவில்லை. ஆனால் முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சி.

"ஒண்ணுமில்லப்பா, சும்மா. ராத்திரி தூக்கம் வரல. பையன் பாத்தா, இந்த வயசுல சீட்டாப்பாங்கிறான்."

செர்ரி எழுதி நீக்கிய அந்த விசை ஞாபகம் இருக்கிறதா? அலுவலகத்தில் மேலதிகாரிக்குப் பயந்து அழுத்துவதற்கு அது. முப்பத்தைந்து வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர், தன் சொந்த வீட்டில், யாருக்குப் பயந்து அழுத்த வேண்டும்? 1999-இல் முதலில் சிரித்தவர்களில் நானும் ஒருவன் அல்லவா? எனக்கு அன்றைக்கு வாய் திறக்க வெட்கமாக இருந்தது.

"சார், திறங்க. அந்தச் சிவப்பு ராணிய எங்க வைக்கப் போறீங்க, பாப்போம்" என்று பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு மூன்று ஆட்டம் தோற்றோம். நான்காவது முடிந்தது. சீட்டுகள் ஒவ்வொன்றாகத் துள்ளித் துள்ளித் திரையெல்லாம் விழுந்தன. அவர் சத்தமாகச் சிரித்தார்.

வயதானவர்களுக்கு இது ஏன் பிடிக்கிறது என்று யோசித்தால் காரணங்கள் எளிது. டெட்ரிஸ் மாதிரி வேகம் ஏறிக்கொண்டே போகாது, கை மெதுவாகப் போனாலும் சீட்டு காத்திருக்கும். விதி புதிதாகப் படிக்க வேண்டியதில்லை. ஐந்து பத்து நிமிடத்தில் ஒன்று முடிந்துவிடும். நடுவில் மாத்திரை போட எழுந்து போகலாம். யாரையும் துணைக்குக் கூப்பிட வேண்டியதில்லை.

இரண்டு எச்சரிக்கைகளும் சொல்லிவிடுகிறேன். "இந்த கேம் ஆடினால் மறதி நோய் வராது" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். மூளைப் பயிற்சி விளையாட்டுகள் விற்ற லுமோசிட்டி நிறுவனம் இப்படியெல்லாம் விளம்பரம் செய்து, ஆதாரம் போதவில்லை என்று அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் வழக்குப் போட, 2016-இல் 20 லட்சம் டாலர் கட்டியது. விளையாட்டு மருந்தாக இருக்க வேண்டியதில்லை. சந்தோஷமாக இருந்தால் போதும். இரண்டாவது, ஆட்டத்தின் நடுவே வரும் விளம்பரம். அன்றைக்கு விளம்பரமே இல்லாமல் வந்த ஆட்டத்துக்கு இன்று விளம்பரம் வேண்டாம் என்றால் மாதக் கட்டணம். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமே கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் "ரம்மி ஆடு, பணம் வெல்லு" என்று எது வந்தாலும் தொடாதீர்கள். வீட்டுப் பிள்ளைகள் அப்பாவின் ஃபோனில் இதைச் சரிபார்த்துக் கொடுக்கலாம். கேலி செய்வதைவிட அது உபயோகம்.

2019-இல் நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டர் நகரில் உள்ள ஸ்ட்ராங் அருங்காட்சியகம், உலக வீடியோ கேம்களின் புகழ்க்கூடத்தில் விண்டோஸ் சாலிட்டேரைச் சேர்த்தது. துப்பாக்கியும் இல்லை, ரேஸ் காரும் இல்லை, 52 சீட்டு மட்டும் உள்ள ஆட்டம்.

தலைமையாசிரியர் இப்போது இல்லை. கடைசிவரை ஆடினார். யார் வந்தாலும் மூடவில்லை.

அன்று மண்டபத்தில் அந்தப் பெரியவரிடம், "ஐயா, நானும் ஆடுவேன், எடுங்க" என்றேன். சந்தேகமாகப் பார்த்துவிட்டு ஃபோனைத் திருப்பினார். கறுப்பு ஏழு ஒன்று இடம் தெரியாமல் நின்றது. தாலி கட்டும் நேரம் வந்துவிட்டதால் பாதியில் நிறுத்தினோம். சாப்பாட்டுப் பந்தியில் மறுபடி பிடித்துக்கொண்டோம். பேரனும் எங்கள் பக்கத்து இலையில்தான் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்ன ஆடுகிறார்கள்? கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள்.