ஆசனத்துக்கு உடம்பா, உடம்புக்கு ஆசனமா?

இந்த எபிசோடை காரைக்கால் பக்கத்துல இருக்கற அம்பகரத்தூர்ல இருந்து பதிவு பண்றேன். தலையாலேயே கயிலாயம் ஏறின காரைக்கால் அம்மையார் கதையைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரங்களுக்கு, சிரசாசனம் ஒண்ணும் பெரிய அதிசயம் இல்ல!

பைலேட்ஸ் கிளாஸ் போறவங்க அந்த ஸ்பிரிங் மெஷினைப் பார்த்திருப்பீங்க. முதல் உலகப்போர் சமயத்துல பிரிட்டிஷ்காரர்களோட முகாம்ல அடைபட்டுக் கிடந்த ஜோசப் பைலேட்ஸ், படுத்த படுக்கையா இருந்தவங்களுக்குக் கட்டில் ஸ்பிரிங்கை வெச்சே பயிற்சி கொடுத்தார்னு ஒரு கதை உண்டு. அவர் பிறந்தது 1883. அஞ்சு வருஷம் கழிச்சு, 1888ல, சித்ரதுர்கா பக்கம் பிறந்தவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். இன்னைக்கு நம்ம பேச்சு இவரைப் பத்தித்தான்.

உலகத்துக்குத் தெரிஞ்ச கிருஷ்ணமாச்சாரியார் மைசூர்க்காரர். 1930களில் மகாராஜா ஆதரவுல ஜகன்மோகன் அரண்மனையில யோகசாலை நடத்தினார். பையன்களுக்கு வேகமான, கடுமையான பயிற்சி. ஊர் ஊராப் போய் மேடையில செஞ்சும் காட்டினார்கள். பட்டாபி ஜோயிஸ், பி.கே.எஸ். ஐயங்கார் ரெண்டு பேரும் அந்தக் காலத்து மாணவர்கள். ரீகாவில் பிறந்த இந்திரா தேவிக்குக் கத்துக்கொடுக்க முதல்ல மறுத்துட்டார்; மகாராஜா சொன்ன பிறகுதான் சேர்த்துக்கிட்டார். அவங்க பிற்பாடு ஹாலிவுட்ல ஸ்டூடியோ திறந்தாங்க.

1950ல யோகசாலை மூடியாச்சு. அறுபது வயசுக்கு மேல, குடும்பத்தோட சென்னைக்கு வந்தார். என்னைக் கேட்டா, அவரோட பெரிய வேலையே இங்கதான் ஆரம்பிக்குது. இங்க வந்தவங்க அரண்மனைப் பையன்கள் இல்ல. முதுகுவலிக்காரங்க, தூக்கம் வராதவங்க, வயசானவங்க. கூட்டமா நிறுத்தி எண்ணிக்கை சொல்ற வேலை இவங்ககிட்ட நடக்காது. ஒவ்வொருத்தரையும் தனியாப் பார்த்து, மூச்சைக் கவனிச்சு, முட்டியை மடக்கச் சொல்லி, தேவைப்பட்டா படுக்க வெச்சு, ஆசனத்தையே மாத்தினார். ஒரு ஆசனத்துக்கு முன்னாடி ஒரு தயாரிப்பு, பின்னாடி ஒரு எதிர் ஆசனம். பெண்களைச் சேர்க்கத் தயங்கினவர், பிற்காலத்துல பெண்களுக்கு வேதம் ஓதவே சொல்லிக்கொடுத்தார்.

அவர் மகன் தேசிகாசார் இன்ஜினியர். யோகாவில் ஆர்வமே கிடையாது. ஒருநாள் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி வந்து, ஆசாரமான வைணவரான அப்பாவை வாசலிலேயே கட்டிப்பிடிச்சு நன்றி சொன்னாங்களாம். பல காலமா வராத தூக்கம் முந்தின ராத்திரி வந்திருக்கு! அதைப் பார்த்த மகன், வேலையை விட்டுட்டு அப்பாகிட்டயே மாணவரா உட்கார்ந்தார். 1976ல சென்னையில கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்தை ஆரம்பிச்சதும் அவர்தான்.

ஆனா உலகச் சந்தையில் விற்பனையானது பெரும்பாலும் மைசூர்ச் சரக்கு. வேகம், வியர்வை, போட்டோவுக்கு ஏத்த வளைவு. சென்னைச் சரக்கு போட்டோவில் விழாது. நாற்காலியில உட்கார்ந்து ஒரு பாட்டி மூச்சோட கையைத் தூக்கறதை யார் ரீல்ஸ் போடுவாங்க?

96 வயசுல இடுப்பெலும்பு முறிஞ்சப்போ, ஆபரேஷன் வேண்டாம்னுட்டு, படுக்கையிலேயே செய்யற மாதிரி தனக்கான பயிற்சியைத் தானே வகுத்துக்கிட்டாராம். அதுக்கப்புறமும் சில வருஷம் பாடம் நடந்தது. 1989ல சென்னையில் காலமானார்.