கதவருகே நின்ற பூதம்: ‘டீமன்’ என்னும் சொல்லும் நிக்ஸும்

கணினியின் பின்னணியில் ஓயாது இயங்கும் சேவை நிரலுக்கு ‘டீமன்’ என்று பெயர். 1963இல் எம்.ஐ.டி.யின் மேக் திட்டத்தில் இச்சொல் வழக்குக்கு வந்தது. மூலக்கூறுகளைத் தரம்பிரிக்கச் சிறு கதவருகே நிற்கும் மேக்ஸ்வெலின் கற்பனைப் பூதமே அதன் மூலம் என்பது அத்திட்டத்தின் கோர்பாட்டோ தந்த விளக்கம்.

பலர் பகிரும் யூனிக்ஸ் கணினிகளில் பொது மென்பொருளை நிறுவும் உரிமை ‘ரூட்’ நிர்வாகிக்கே இருந்தது. பிறர் தத்தம் கோப்பகத்துக்குள் நிறுவிக்கொள்ளலாம். ஆனால், ஒருவர் நிறுவியதை மற்றவர் நம்பிப் பயன்படுத்த வழியில்லை.

உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா உருவாக்கிய ‘நிக்ஸ்’ பொதி மேலாளர் இச்சிக்கலை வேறு விதமாக அணுகியது. அவரது முனைவர் ஆய்வேடு 2006இல் வெளிவந்தது. பல பயனர் அமைப்பில் பொதுக் களஞ்சியத்தில் எழுதும் உரிமை பயனர் எவருக்கும் இல்லை. பயனர் கோருவார், டீமன், அதற்கென ஒதுக்கிய தனிக் கணக்கின்கீழ் பொதியைக் கட்டமைத்துக் களஞ்சியத்தில் சேர்க்கும். ஒவ்வொரு பொதியின் பாதையிலும் தனித்த ஹாஷ் குறி இருப்பதால் ஒருவர் பதிப்பு மற்றவர் பதிப்பை அழிப்பதில்லை. இருவர் ஒன்றையே கோரினால் ஒரு பிரதியே போதும்.

நிர்வாகியிடம் காத்திருந்த நிலை இவ்வாறு நீங்கியது. ஆயினும் அந்த டீமன் இயங்குவது ரூட் உரிமையோடுதான். அதன் நிரலில் பிழை நேரின், அதை நம்பிய அனைவரின் காப்பும் குலையும்.